பிள்ளைகளுக்கு வீட்டு வேலை பழக்குவது: காசு கொடுத்தா, அட்டவணை போட்டா, பொறுப்பை ஒப்படைத்தா?

நம் வீடுகளில் பிள்ளைகளை வேலைக்குப் பழக்குவதில் நான் பார்த்தவரை ஐந்து போக்குகள் இருக்கின்றன. "நீ படிச்சா போதும்" என்று எந்த வேலையும் கொடுக்காமல் விடுவது ஒன்று. செய்யும் வேலைக்குக் காசு கொடுப்பது இன்னொன்று. சுவரில் அட்டவணை ஒட்டி, முறை போட்டு, செய்தால் ஸ்டார் ஒட்டுவது மூன்றாவது. பெரியவர்கள் வேலை செய்யும்போது கூடவே உட்கார வைத்துக்கொள்வது பழைய வழி. ஏதாவது ஒரு வேலையை முழுசாகப் பிள்ளையிடமே ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது ஐந்தாவது, நம் ஊரில் இதைச் செய்கிறவர்கள் குறைவு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏழெட்டு வயது வரை கூட உட்கார வைத்துக்கொள்ளுங்கள், அதற்கப்புறம் ஒரு முழு வேலையை ஒப்படையுங்கள், அன்றாட வேலையோடு காசைச் சேர்க்காதீர்கள். மற்ற வழிகளுக்கும் இடம் உண்டு, ஆனால் சின்ன இடம்தான்.

"நீ படிச்சா போதும்" என்பதை எடுத்த எடுப்பில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தீப்பெட்டி ஒட்டியும் பீடி சுற்றியும் செங்கல் சூளையில் மண் மிதித்தும் சின்ன வயதைத் தொலைத்தவர்கள் இந்த மாநிலத்தில் ஏராளம். அவர்கள் தங்கள் பிள்ளையைப் பார்த்து "நாங்க பட்டது போதும், நீ புத்தகத்தை எடு" என்று சொன்னால் அதற்குப் பின்னால் ஒரு வாழ்க்கையே இருக்கிறது. சட்டமும் இந்த இடத்தில் தெளிவாக இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-இல் வந்த திருத்தப்படி 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது, பள்ளி நேரம் போக மீதி நேரத்திலும் விடுமுறையிலும் குடும்பத்துக்கோ ஆபத்தில்லாத குடும்பத் தொழிலுக்கோ உதவலாம் என்று விலக்கு உண்டு. அந்த விலக்கையே பலர் எதிர்த்தார்கள், குடும்பத் தொழில் என்ற பெயரில் பிள்ளைகளைக் கசக்கிப் பிழிவார்கள் என்று. நியாயமான பயம். ஆகவே நான் இங்கே பேசுவது பிள்ளையின் தூக்கத்தையோ விளையாட்டையோ பாடத்தையோ தின்னாத வேலையைப் பற்றி மட்டும்தான்.

ஆனால் இன்றைக்கு அந்த வாக்கியத்தைச் சொல்லும் வீடுகளில் பெரும்பாலானவை சூளையிலிருந்து வந்த வீடுகள் அல்ல. சாப்பிட்ட தட்டைச் சிங்க்கில் போட்டு அலசி வைக்க இரண்டு நிமிடம் ஆகாது, அந்த இரண்டு நிமிடத்தில் எந்த மதிப்பெண்ணும் குறையப் போவதில்லை. தட்டு மேஜையிலேயே காய்கிறது, அம்மா வந்து எடுக்கிறார், டிபன் பாக்ஸ் பைக்குள்ளேயே இருந்து மறுநாள் காலையில் மூடியைத் திறக்கும்போது நாறுகிறது, அதையும் அம்மாதான் தேய்க்கிறார். இதைத் தினமும் பார்க்கிற பிள்ளைக்கு வீட்டு வேலை என்பது யாரோ செய்து முடித்துவிடுகிற ஒன்றாகத்தான் தெரியும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு மாதங்களில் வேலையைக் குறைப்பது வேறு, ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஒன்றுமே கொடுக்காமல் இருப்பது வேறு.

இந்த இடத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு செய்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டு வேலை செய்த குழந்தைகள்தான் பெரியவர்களானதும் வெற்றி பெறுகிறார்கள், ஹார்வர்டு கண்டுபிடித்துவிட்டது என்று அது சொல்கிறது. அந்தப் பேச்சுக்கு அடிப்படையாக ஒரு ஆய்வு உண்மையிலேயே இருக்கிறது. ஜார்ஜ் வேலன்ட் என்ற மனநல மருத்துவர் 1981-இல் வெளியிட்டது, பாஸ்டன் நகரின் ஏழைப் பகுதிகளில் வளர்ந்த 456 பேரைச் சிறு வயது முதல் நடுத்தர வயது வரை தொடர்ந்து கவனித்தது. சின்ன வயதில் உழைக்கும் பழக்கம் இருந்தவர்கள் பிற்காலத்தில் மனநலத்தோடும் நல்ல உறவுகளோடும் இருந்தார்கள் என்பது அதன் முடிவு. ஆனால் அதில் 'உழைக்கும் பழக்கம்' என்று கணக்கிட்டது வீட்டு வேலையை மட்டும் அல்ல. பகுதி நேர வேலை, பள்ளிக்கூட நடவடிக்கைகளில் கலந்துகொள்வது, திறமைக்கு ஏற்ற மதிப்பெண் எடுப்பது எல்லாம் சேர்ந்த ஒரு கணக்கு. அதோடு அந்த 456 பேரும் ஆண்கள். ஆகவே பாத்திரம் தேய்த்தால் பிள்ளை கலெக்டர் ஆகிவிடுவான் என்று யாரும் நம்ப வேண்டாம். பாத்திரம் தேய்க்கத் தெரிந்த, அதைத் தன் வேலை என்று நினைக்கிற ஒரு மனிதன் கிடைப்பான், எனக்கு அதுவே போதும்.

சரி, காசுக்கு வருவோம். இதுதான் இப்போது அதிகம் பரவுகிறது. தட்டுக் கழுவினால் ஐந்து ரூபாய், செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் பத்து ரூபாய் என்று. பெற்றோர் சொல்லும் காரணம் நல்ல காரணம்தான், உழைத்தால்தான் பணம் வரும் என்று பிள்ளை புரிந்துகொள்ளட்டுமே என்பது. முதல் வாரம் வீடே பளபளக்கும். அப்புறம் ஒரு நாள் "இன்னைக்கு எனக்குக் காசு வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிட்டு மகன் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். அவன் சொன்னதில் தப்பே கிடையாது. கூலி வேண்டாம் என்றால் வேலையும் வேண்டாம், அதுதானே நாம் போட்ட ஒப்பந்தம்? இன்னொரு நாள் மகள் கேட்பாள், "அம்மாவுக்கு யாரு காசு கொடுக்கறாங்க?" என்று. அதற்கு நம்மிடம் பதில் இருக்காது.

இது வெறும் வீட்டு அனுபவம் இல்லை. 1973-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில் மார்க் லெப்பர் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதை ஏற்கெனவே விரும்பிய குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சான்றிதழ் வாங்கிய குழந்தைகள் அதற்கப்புறம் தாங்களாக அந்தப் பேனாவை எடுப்பது குறைந்துபோனது. எதுவும் சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு அப்படி ஆகவில்லை. 2008-இல் ஃபெலிக்ஸ் வார்னெகன், மைக்கேல் டொமசெல்லோ இருவரும் இன்னும் சின்னக் குழந்தைகளிடம், 20 மாதக் குழந்தைகளிடம், இதையே பார்த்தார்கள். உதவி செய்ததற்குப் பொருள் பரிசு வாங்கிய குழந்தைகள் பிறகு உதவுவதைக் குறைத்துக்கொண்டன, ஒன்றும் வாங்காதவை தொடர்ந்து உதவின. முன்கூட்டியே பேரம் பேசுவதுதான் கெடுக்கிறது. எப்போதாவது நீங்களாக மனம் நிறைந்து ஒரு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

அதற்காகக் காசை அடியோடு ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பத்து வயதுக்கு மேல் பிள்ளைக்குப் பணம் கையாளத் தெரிய வேண்டும். அதற்கு என் கணக்கில் மிக நல்ல வேலை, பழைய பேப்பர் கடை. வீட்டில் சேரும் செய்தித்தாள், அட்டைப் பெட்டி, முடிந்துபோன நோட்டு, பால் கவர், எண்ணெய் டின் எல்லாவற்றையும் தரம் பிரித்து, கட்டுக் கட்டி, கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், தராசைப் பார்த்து, விலை கேட்டு, வருகிற காசை அவனே வைத்துக்கொள்ளட்டும். பேப்பருக்கு ஒரு விலை, அட்டைக்கு ஒரு விலை, ஈரமாக இருந்தால் கடைக்காரர் கழித்துக்கொள்வார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். முக்கியமாக அந்தக் காசு அப்பாவின் பர்ஸிலிருந்து வரவில்லை. வண்டி கழுவுவது, பொங்கலுக்கு முன்னால் பரணைச் சுத்தம் செய்வது மாதிரி எப்போதாவது வரும் கூடுதல் வேலைக்கும் காசு கொடுக்கலாம். தட்டுக்கும் படுக்கைக்கும் கொடுக்காதீர்கள். மாதக் கைச்செலவுக் காசு கொடுப்பதாக இருந்தால் வேலையோடு முடிச்சுப் போடாமல் தனியாகக் கொடுங்கள், வேலை செய்யாததற்கு அதைப் பிடித்தம் செய்யவும் வேண்டாம்.

அட்டவணையைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. மூன்று நான்கு வயதில் பல் தேய்ப்பது, செருப்பை இடத்தில் வைப்பது மாதிரிப் பழக்கங்களுக்கு ஸ்டார் உதவும், கொஞ்ச நாளில் அது தானாக உதிர்ந்துவிட வேண்டும். பெரிய பிள்ளைகளிடம் அது தாளை நிரப்பும் வேலையாக மாறிவிடுகிறது, அதைப் பராமரிப்பதே அம்மாவுக்கு இன்னொரு வேலை. அண்ணன் தங்கை இருவருக்கும் முறை போட்டுக் கொடுத்தால் சமமாகத் தெரியும், ஆனால் வீட்டுச் சண்டையில் பாதி அதிலேயே வரும், "நேத்து அவ செய்யல, இன்னைக்கு நான் ஏன் செய்யணும்" என்று. முறை மாறிக்கொண்டே இருந்தால் எந்த வேலையும் யாருடையதும் ஆகாது.

ஜப்பான் பள்ளிகளில் முறை வைத்துத்தானே செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். உண்மைதான், அங்கே பிள்ளைகள் வகுப்பறையையும் தாழ்வாரத்தையும் தாங்களே கூட்டித் துடைக்கிறார்கள், மதிய உணவை வெள்ளை மேலாடையும் தொப்பியும் போட்டுக்கொண்டு முறை வைத்துப் பரிமாறுகிறார்கள். அது நடப்பதற்குக் காரணம் தாளில் உள்ள முறை இல்லை. ஒரே நேரத்தில் எல்லோரும் செய்கிறார்கள், ஆசிரியரும் கூட நிற்கிறார், யாரும் விதிவிலக்கு இல்லை. நம் பள்ளிகளில் கழிப்பறை சுத்தம் செய்யச் சொன்னதாகச் செய்தி வரும்போதெல்லாம், அதைச் செய்ய வைக்கப்பட்டவர்கள் பட்டியல் சாதிப் பிள்ளைகளாக இருப்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். அதுவும் வேலைதான், ஆனால் அது உழைப்பைக் கற்றுக்கொடுப்பதில்லை, அவமானத்தைக் கற்றுக்கொடுக்கிறது. யார் செய்கிறார்கள், யாருக்கு விலக்கு என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. வீட்டிலும் அதே கதைதான்.

கூட உட்கார வைத்துக்கொள்வதற்கு இப்போது வருகிறேன், ஏனென்றால் இதைத்தான் நாம் தேவையில்லாமல் கைவிட்டோம். அதே வார்னெகனும் டொமசெல்லோவும் 2006-இல் செய்த ஆய்வில், ஒருவர் துணி காயப்போடும்போது கிளிப்பைக் கீழே தவறவிட்டு எட்டி எடுக்க முடியாமல் கையை நீட்டுவார். பக்கத்தில் இருக்கும் 18 மாதக் குழந்தை எடுத்துக் கொடுத்துவிடும், யாரும் கேட்காமல், யாரும் பாராட்டாமல். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது நம் வீட்டுக் குழந்தையும் இதைத்தான் செய்கிறது. நாம்தான் "வெயில்ல நிக்காத, உள்ள போ" என்கிறோம். இரண்டு வயதில் துடைப்பத்தைப் பிடித்து இழுக்கிற குழந்தையை விரட்டிவிட்டு, பன்னிரண்டு வயதில் துடைப்பத்தைத் தொட மாட்டேன் என்கிறான் என்று கவலைப்படுகிறோம்.

ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கீரை ஆய்வதை விட நல்ல வேலை எனக்குத் தெரியவில்லை. தரையில் ஒரு செய்தித்தாளை விரித்து, கட்டைப் பிரித்துப் போட்டு, பாட்டி ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். முருங்கைக்கீரை என்றால் காம்பின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பில் உருவ வேண்டும், முதலில் பிய்ந்து பிய்ந்து வரும், கொஞ்ச நேரத்தில் விரலுக்கு அந்த அழுத்தம் பிடிபட்டுவிடும். மஞ்சள் இலையை ஒதுக்கணும், பூச்சி அரித்ததை ஒதுக்கணும், அடியில் முட்டை இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கணும். "இது ஆகுமா பாட்டி?" என்று ஒவ்வொரு இலையாகக் காட்டும். அரை மணியில் முடிகிற வேலை ஒரு மணி நேரம் ஆகும், உண்மைதான். அந்த ஒரு மணி நேரத்தில் பாட்டி அவர்கள் ஊர்க் கதையைச் சொல்லி முடித்திருப்பார், மத்தியானம் அந்தக் கீரை தட்டில் விழும்போது பிள்ளை மறுபேச்சில்லாமல் சாப்பிடும். பட்டாணி உரிப்பது, பூண்டு உரிப்பது, துவைத்த துணியில் சாக்ஸ் ஜோடி சேர்ப்பது, சப்பாத்திக்கு மாவு உருட்டுவது எல்லாம் இதே வகைதான்.

இதில் கஷ்டம் பெரியவர்களுக்குத்தான். காலை எட்டு மணிக்குப் பள்ளி வேன் வரும் வீட்டில் இது நடக்காது, ஞாயிற்றுக்கிழமை மாதிரி நேரம் பார்த்துத்தான் செய்ய வேண்டும். பிள்ளை மடித்த துண்டைக் கண் எதிரிலேயே பிரித்துத் திரும்ப மடிக்கக் கூடாது. கோணலாகவே அலமாரியில் இருக்கட்டும்.

ஏழெட்டு வயது தாண்டினால் இது மட்டும் போதாது. கூட இருந்து உதவுகிற பிள்ளைக்கு வேலை இன்னும் அம்மாவுடையதுதான், இவன் கை கொடுக்கிறான், அவ்வளவே. நினைவு வைத்துக்கொள்வது, திட்டமிடுவது, தீர்ந்துபோனதைக் கவனிப்பது, இந்த மூளை வேலை முழுக்க அம்மாவின் தலையிலேயே இருக்கிறது. "டேய், வாட்டர் கேன் தீந்துடுச்சு பாரு" என்று நீங்கள் சொல்லி அவன் போன் செய்தால், அது பாதி வேலை. கேன் தீரப் போகிறது என்று அவனே பார்த்துச் சொல்லி வைப்பதுதான் முழு வேலை.

உதாரணத்துக்கு இட்லி மாவு. பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இதை முழுசாகக் கொடுக்கலாம். சனிக்கிழமை மத்தியானம் நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம் என்று அளந்து ஊறவைக்க வேண்டும். சாயங்காலம் முதலில் உளுந்தைப் போட்டு, தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பொங்கப் பொங்க அரைத்து எடுத்து, அப்புறம் அரிசியைக் கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்து, உப்புப் போட்டுக் கையால் கலந்து, பொங்கி வழியாத அளவுக்குப் பாத்திரத்தில் இடம் விட்டு மூடி வைக்க வேண்டும். கிரைண்டருக்குள் கை விடும் முன் சுவிட்சை அணைத்துப் பிளக்கையும் பிடுங்க வேண்டும் என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிக் கொடுங்கள், முதல் சில முறை பக்கத்தில் நில்லுங்கள். கல்லைக் கழுவி வைப்பதும் அவன் வேலைதான், பலரும் விட்டுவிடுவது அதைத்தான். அவன் ஊறவைக்க மறந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் இட்லி கிடையாது. அன்றைக்கு நீங்கள் ரகசியமாகக் கடையில் மாவுப் பாக்கெட் வாங்கி வந்து சமாளித்துவிட்டால் இத்தனை பாடுபட்டதும் வீண். உப்புமா சாப்பிடுங்கள். திட்டவும் வேண்டாம், குத்திக் காட்டவும் வேண்டாம், தாத்தா "என்னப்பா, இன்னைக்கு இட்லி இல்லையா?" என்று சாதாரணமாகக் கேட்பதே போதும். அடுத்த சனிக்கிழமை அவனே மத்தியானம் அரிசி டப்பாவைத் தூக்குவான். மாவு நன்றாகப் பொங்கி, இட்லி பூ மாதிரி வந்த அன்றைக்கு அவன் முகத்தைப் பாருங்கள், அந்தச் சந்தோஷத்தை எந்த ஸ்டாரும் கொடுக்காது.

எந்த வேலையை ஒப்படைப்பது என்பதற்கு நான் பார்ப்பது இரண்டே விஷயம். செய்யாவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும், ஆனால் யாருக்கும் ஆபத்து வரக் கூடாது. பாட்டியின் மாத்திரையை நேரத்துக்குக் கொடுப்பதைப் பிள்ளை தலையில் கட்டக் கூடாது. மக்கும் குப்பை, மக்காத குப்பை பிரித்து வண்டி வரும் நேரத்துக்குக் கீழே கொண்டுபோய்க் கொடுப்பது, மாடிச் செடிகள், காய்ந்த துணியை எடுத்து மடித்து அவரவர் அலமாரியில் வைப்பது, இதெல்லாம் சரியான வேலைகள். ஒரு நேரத்தில் ஒன்று போதும். ஒப்படைத்தால் குறைந்தது ஒரு பள்ளிப் பருவம் மாற்றாமல் விடுங்கள், கை பழக நாளாகும்.

இத்தனை நேரம் "அவன்" என்றே எழுதி வந்தது தெரிந்துதான். பெண் பிள்ளைகளுக்கு இந்த வேலைகளை யாரும் திட்டம் போட்டுக் கற்றுக்கொடுப்பதில்லை, தானாக வந்து விழுந்துவிடுகின்றன. மத்திய அரசு 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 81.2 சதவீதம் பேர் வீட்டுக்காக ஊதியமில்லாத வேலை செய்தார்கள், ஆண்களில் 26.1 சதவீதம் பேர்தான். செய்தவர்களிலும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். வீட்டில் அண்ணனுக்குக் கடைக்குப் போகிற வேலையும் தங்கைக்குப் பாத்திரமும் என்று பிரித்தால், அவன் வேலை வாரத்தில் இரண்டு நாள், அவளுடையது தினமும் மூன்று வேளை. இந்தக் கணக்கை அவர்கள் பேசாமல் கவனிக்கிறார்கள். கேரளத்தில் 2024-இல் வந்த மூன்றாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் அப்பா உட்கார்ந்து தேங்காய் துருவுகிற படம் போட்டார்கள், நல்ல மாற்றம். ஆனால் வீட்டில் அப்பா தேங்காய் துருவாவிட்டால் புத்தகப் படத்தைப் பிள்ளை நம்பப் போவதில்லை.

அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது டால்ஸ்டாய் பண்ணை நினைவுக்கு வருகிறது. 1910-இல் ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் நண்பர் காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கர் நிலத்தில் காந்தி நடத்தியது. சத்தியாகிரகத்தில் சிறைக்குப் போனவர்களின் குடும்பங்கள் அங்கே தங்கின, தமிழ்க் குடும்பங்களும் இருந்தன, காந்தி அங்கே பிள்ளைகளுக்குத் தமிழும் சொல்லிக்கொடுத்தார். சமையல் முதல் கழிவு அகற்றுவது வரை எதற்கும் வேலையாள் கிடையாது. ஆசிரியர் செய்யாத எந்த வேலையையும் பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது, அவர்களோடு எப்போதும் ஓர் ஆசிரியர் கூட நின்று வேலை செய்ய வேண்டும் என்பது அங்கே விதி. ஐந்து வழியில் எதை எடுத்தாலும் அந்த விதி இல்லாமல் நடக்காது. சோபாவில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டு "போய் பாட்டில்ல தண்ணி நிரப்பி வை" என்று சொல்கிற அப்பாவிடமிருந்து பிள்ளை கற்றுக்கொள்வது, பெரியவனானால் சொல்லிக்கொண்டு உட்காரலாம் என்பதைத்தான்.

வீட்டு வேலைக்கு அக்கா வருகிற வீடுகளில் எங்கே வேலை இருக்கிறது என்று கேட்கிறார்கள். அந்த அக்கா வராத நாட்கள் இருக்கின்றன, அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து செய்யுங்கள். மற்ற நாட்களில் அவரவர் தட்டு, அவரவர் படுக்கை, அவரவர் உள்ளாடையை அவரவரே பார்த்துக்கொள்ளட்டும், அந்த அக்காவின் வேலைக்குள் நம் அழுக்கு எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். பாட்டி தாத்தா "பச்சப்புள்ளைய ஏன் படுத்தறே" என்று தடுத்தால் சண்டை போடாமல் அவர்களையே குருவாக்கிவிடுங்கள். வத்தல் போடவும் ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கவும் உங்களை விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும், சொல்லிக்கொடுக்க ஆளும் கிடைத்தால் தடுக்க மாட்டார்கள்.